இரண்டு பக்கமும் பார்த்துத்தானே கடக்கிறேன், அப்புறம் என்ன?

வாசகர் கேள்வி, 14 ஜூன் 2025

மதுரையிலிருந்து மும்பை வந்து மூன்று மாதம் ஆகிறது. சென்ட்ரல் லைனில் தாணே தாண்டி அறை எடுத்திருக்கிறேன். வீடு மேற்கே, பஸ் பிடிப்பது கிழக்கே. நடைபாலம் ஏறி இறங்கினால் காலைக் கூட்டத்தில் ஏழெட்டு நிமிடம் போய்விடும். சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது வழியாகத் தண்டவாளத்தைக் கடந்தால் ஒரே நிமிடம். பாதி ஊர் அப்படித்தான் போகிறது. ரயில் என்ன ரோட்டிலா வரப்போகிறது, தண்டவாளத்தில்தானே? காதில் எதையும் மாட்டாமல், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இதில் என்ன ஆபத்து என்று யாராவது கணக்கோடு சொல்லுங்கள். சும்மா பயமுறுத்த வேண்டாம்.

14 ஜூன், இரவு

தம்பி, கணக்கு கேட்டீர்கள், கணக்கே சொல்கிறேன்.

நான்கு தண்டவாளம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்லோ (எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கல் ரயிலுக்கு), இரண்டு ஃபாஸ்ட் (சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்பதற்கு). இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஏறக்குறைய 20 மீட்டர். ஜல்லியில் கால் பதித்து, ஒவ்வொரு தண்டவாளமாகத் தாண்டி நடக்கும்போது விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஆக 20 விநாடி. ஃபாஸ்ட் லோக்கல் மணிக்கு 90 கிலோமீட்டரில் வந்தால் விநாடிக்கு 25 மீட்டர். உங்கள் 20 விநாடியில் அது அரை கிலோமீட்டர் வந்துவிடும்.

முதல் அடி வைக்கும்போதே இரண்டு பக்கமும் அரை கிலோமீட்டருக்கு எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஓட்டையிலிருந்து எவ்வளவு தூரம் தெரிகிறது? பிளாட்பாரக் கூரை, மின்கம்பங்கள், நிற்கிற ஸ்லோ வண்டி, ஒரு வளைவு, இதையெல்லாம் கழித்துப் பாருங்கள். நாளைக் காலை கடக்காமல் அங்கேயே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

15 ஜூன்

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். தெரிகிற தூரத்திலேயே ரயில் வந்தாலும் நம் கண் அதைச் சரியாக அளக்காது.

பெரிய பொருள் மெதுவாக வருவது போலத்தான் கண்ணுக்குப் படும். ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இல் ரயில்வே கேட் விபத்துகளை வைத்தே இதை எழுதினார். ஒரே வேகத்தில் ஒரு பைக்கும் ஒரு ரயிலும் வந்தால், பைக்தான் வேகமாக வருகிறது என்று நமக்குத் தோன்றும். அதோடு தண்டவாளத்தின் மேல் நின்று நேர் எதிரே பார்க்கும்போது ரயில் இடமோ வலமோ நகர்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, அவ்வளவுதான். வெகுநேரம் சிறியதாகவே இருக்கும், கடைசி மூன்று நான்கு விநாடியில் வானத்தையே அடைத்துக்கொண்டு வந்து நிற்கும். அப்போது திரும்பி ஓட நேரம் இருக்காது.

"பார்த்துவிட்டுத்தான் போகிறேன்" என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அந்தப் பார்வையைத்தான் நம்ப முடியவில்லை.

17 ஜூன்

முலுண்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார், "அண்ணா, உங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை?" என்று. சொல்கிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவன். வரைபடத்தில் பாருங்கள், தாராவிக்கு ஒரு பக்கம் வெஸ்டர்ன் லைன், மாஹிம். மறுபக்கம் சென்ட்ரல் லைன், சயான். எந்தப் பக்கம் வெளியே போனாலும் தண்டவாளம்தான். என் சித்தப்பா இட்லி வியாபாரம். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றும், ஆறு மணிக்கு அலுமினியப் பாத்திரம் தலையில் ஏறிவிடும். பள்ளி விடுமுறையில் சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போவேன்.

1991. எனக்குப் பதினொரு வயது. சயானுக்குக் கொஞ்சம் தள்ளி, எல்லாரும் கடக்கும் இடம். ஒரு ஸ்லோ வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசி டப்பா (பெட்டி) தாண்டியதும் கால் எடுத்து வைத்தேன். சித்தப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மேல் பொத்தான் இரண்டும் தெறித்துப் போயின. அதே விநாடி அடுத்த தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஃபாஸ்ட் வந்தது. அதுவரை அந்த வண்டி எங்கள் கண்ணில் படவே இல்லை, போய்க்கொண்டிருந்த ஸ்லோ அதை முழுக்க மறைத்திருந்தது. சத்தமும் தனியாகக் கேட்கவில்லை, இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. அந்தக் காற்றில் இட்லியை மூடியிருந்த வெள்ளைத் துணி பறந்து போய்ச் சக்கரத்துக்கு அடியில் மாட்டியது. அது கிழிந்துகொண்டே போனது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்றோடு சித்தப்பா தண்டவாளம் கடப்பதை விட்டார். ஊருக்குத் திரும்பும் வரை பாலத்தின் மேல்தான் போனார்.

ஆக, கணக்கில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வரும் ரயிலை எல்லாரும் பார்க்கிறார்கள், ஆனால் அந்த ரயில் மறைத்துக்கொண்டிருக்கும் இரண்டாவது ரயில் யார் கண்ணிலும் படுவதில்லை.

18 ஜூன்

திருத்தம். நான்கு தண்டவாளம் என்று எழுதியிருந்தேன். நீங்கள் இருப்பது தாணே தாண்டி. தாணே, திவா இடையே 2022 பிப்ரவரியிலிருந்து ஐந்தாவது, ஆறாவது தண்டவாளங்களும் இருக்கின்றன. உங்கள் ஓட்டை அந்தப் பகுதியில் இருந்தால் 20 மீட்டர் போதாது, 30 மீட்டர். 30 விநாடி. 90 கிலோமீட்டர் வேகத்தில் 750 மீட்டர். தொலைதூர எக்ஸ்பிரஸ்களும் அங்கே நிற்காமல் போகும்.

20 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கல்யாண் பக்கம் நன்றாகத் தெரிகிறதாம். தாணே பக்கம் வளைவு, "ஒரு ஆறேழு மின்கம்பம் வரைதான் தெரிகிறது" என்கிறார். வளைவில் கம்பங்களை இன்னும் நெருக்கித்தான் நடுவார்கள். கம்பத்துக்குக் கம்பம் 50 மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 350 மீட்டர். 750 வேண்டிய இடத்தில் 350. நான் மேலே எதுவும் சேர்க்கவில்லை.

22 ஜூன்

ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "பாலம் மட்டும் பாதுகாப்பா? 2017-ஐ மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. 2017 செப்டம்பர் 29, எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன், இப்போது அதன் பெயர் பிரபாதேவி. காலைக் கூட்டம், திடீர் மழை, நனையாமல் இருக்க எல்லாரும் குறுகிய நடைபாலத்தின் படியிலேயே நின்றார்கள். மேலும் மேலும் ஆள் ஏற, நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் ராணுவத்தைக் கொண்டுவந்து அங்கே புது நடைபாலம் கட்டினார்கள், 2018 பிப்ரவரியில் திறந்தார்கள்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாலம் அகலமாக இருந்தால்தான் ஜனம் ஏறும். ஆனால் மும்பைப் புறநகர் ரயிலில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் பெரும்பங்கு தண்டவாளத்தைக் கடக்கும்போது, அடுத்தது ஓடும் வண்டியிலிருந்து விழுந்து. பாலத்தில் நடந்த பெரிய விபத்தின் தேதி நமக்கு நினைவிருக்கிறது. தண்டவாளத்தில் தினமும் நடப்பதற்குத் தேதியே இல்லை.

25 ஜூன்

எங்கள் கட்டடத்தில் ஓய்வு பெற்ற மோட்டர்மேன் (லோக்கல் ரயில் ஓட்டுநர்) ஒருவர் இருக்கிறார், தமிழர். மாலையில் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இந்த இழையைப் பற்றி அவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் கையில் ரெண்டே சாமான், ஹாரன், பிரேக். திருப்ப ஸ்டியரிங் இல்லை" என்றார்.

பிரேக் போட்டதும் வண்டி நிற்காது. முழு வேகத்தில் வரும் லோக்கல், எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். பன்னிரண்டு டப்பா, ஆயிரக்கணக்கான ஆட்கள், இரும்பின் மேல் இரும்பு. மோட்டர்மேனுக்கு நீங்கள் தெரிந்து, அவர் கை பிரேக்குக்குப் போகும்போதே பாதித் தூரம் முடிந்திருக்கும்.

எத்தனை பேர் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார், கண்ணை மூடிக்கொள்வேன், ஆனால் சத்தத்தை மூட முடியாது என்று. அடுத்த நாளும் அதே இடத்தைத் தாண்டித்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஓட்டை வழியாகப் போகிறவர்கள் இவரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

29 ஜூன்

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 17-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு தவறு.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். இப்படி எழுதியிருக்கிறேன் சித்தப்பா, அன்றோடு நீங்கள் தண்டவாளத்தை விட்டுவிட்டீர்கள் என்று, என்றேன். "என்னல கத சொல்லுத? மறுநாளும் அந்த வழியாத்தாம்ல போனேன். இட்லி ஆறிப்போச்சுன்னா எவன் வாங்குவான்?" என்றார்.

எத்தனை நாள் போனீர்கள் என்று கேட்டேன். ரெண்டு வருஷம் இருக்கும் என்றார். அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள்? "சொவரு கட்டிட்டான்லா." அவ்வளவுதான். சுவர் எழுந்தது, வழி அடைந்தது, அவர் பாலத்துக்குப் போனார். என்னை மட்டும் அப்புறம் கூட்டிப்போகவில்லை. நான் பார்க்கவில்லை, அதனால் அவர் கடக்கவில்லை என்று முப்பத்துநான்கு வருஷமாக நம்பியிருக்கிறேன்.

போனை வைத்ததிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயம் ஒருவனை மாற்றும் என்பதற்கு நான் வைத்திருந்த ஒரே சாட்சி சித்தப்பாதான். அந்தச் சாட்சி இப்போது மாறிவிட்டது. சாவு ஒரு அடி தள்ளிப் போனது, வேட்டி நனைய நடுங்கினார், மறுநாள் அதே நேரம் அதே இடத்தில் நின்றார். தப்பித்த ஒவ்வொரு நாளும் "ஒன்றும் ஆகாது" என்பதற்கே சாட்சியாகிவிடுகிறது. ஆயிரம் தடவை சரியாகப் போனவனிடம் ஆயிரத்தோராவது தடவை பற்றிப் பேசினால் எப்படி நம்புவான்?

தம்பி, பயமுறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொன்னீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

2 ஜூலை

வடாலா ஞாபகம் வருகிறது. 2010 வாக்கில் அங்கே தண்டவாளத்துக் குறுக்குக் கட்டைகளில் சிலவற்றுக்கு மட்டும் விட்டுவிட்டு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்போது ஆன்டாப் ஹில்லில் என் அத்தை வீடு, அடிக்கடி போவேன். எதற்கு இந்த மஞ்சள் என்று புரியவில்லை. பிறகுதான் படித்தேன். ஃபைனல் மைல் என்ற நிறுவனமும் ரயில்வேயும் சேர்ந்து செய்த சோதனை அது. ரயில் ஒவ்வொரு மஞ்சள் கட்டையாக விழுங்கிக்கொண்டு வரும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடும். முன்பு எழுதினேனே, பெரிய பொருள் மெதுவாகத் தெரியும் என்று, அதற்கான மருந்து.

இன்னொன்று ஹாரன். நீளமாக ஒரே ஊதலாக ஊதாமல், விட்டு விட்டு இரண்டு குறுகிய ஊதலாக ஊதச் சொன்னார்கள். தொடர்ந்து வரும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், நடுவில் வரும் மௌனம் உலுக்கிவிடும். மூன்றாவதாக ஒரு படம். ரயில் மோதப்போகும் மனிதனின் முகம், மூன்று கட்டமாக. எலும்புக்கூடும் மண்டையோடும் போட்ட பலகையை யாரும் பார்ப்பதில்லை, மனித முகத்தைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் படத்தை நானும் நின்று பார்த்திருக்கிறேன்.

அபராதம், தண்டனை என்று ஒருவர் கேட்டிருந்தார். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

9 ஜூலை

நேற்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் பயணிகள் ரயில் மோதியதில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டோம். இரவு தூக்கமே இல்லை. இங்கே மும்பையில் இருக்கும் நமக்கெல்லாம் ஊரில் அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை என்று யாராவது தினமும் ஒரு கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே கேட் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேட்டில் இரண்டு வகை. ஒன்று சிக்னலோடு பிணைத்தது, இன்டர்லாக் கேட் என்பார்கள். கேட் முழுதாக மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். இன்னொன்று பிணைக்காதது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கேட் கீப்பருக்கும் இடையே போனில் நடக்கும் பேச்சுதான் எல்லாம். விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் பிணைக்காத வகை. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளை எல்லாம் 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள், அது பெரிய காரியம்தான். ஆனால் ஆள் இருக்கும் கேட் என்பதும் ஒரு மனிதரின் தூக்கத்தையும் கவனத்தையும் நம்பி இருக்கும் கேட்தான்.

அதனால் கேட் திறந்திருந்தாலும் பிள்ளைகள் இருக்கும் வண்டி ஒருமுறை நிற்கட்டும். கண்ணாடியை இறக்கட்டும். பாட்டை அணைக்கட்டும். உதவியாளர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டட்டும். கேட்டுக்கு முன்னால் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றினால் வண்டி அணைந்து போகலாம்.

அப்படி நின்றுவிட்டால்? வண்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். முதலில் எல்லாரையும் இறக்குங்கள், தண்டவாளத்தை விட்டு நன்றாக விலகுங்கள். ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள், மோதினால் உடைந்தது எல்லாம் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். கேட் கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள். அவரிடம் சிவப்புக் கொடி இருக்கிறது, போன் இருக்கிறது.

ஒரு ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை என்று ஹாரன் அடித்துத் திட்டுகிறவர்களுக்கு: இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். 1991 சயான்தான் இதுவும்.

10 ஜூலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மோட்டர்மேன் அண்ணன் ஒன்று சொன்னார், சேர்க்கிறேன். மும்பையில் மிச்சம் இருக்கும் கேட்டுகளில் ஜனம் கம்பிக்கு அடியில் குனிந்து போவதாலும் பைக்குகள் நுழைந்துகொண்டே இருப்பதாலும் கேட்டை மூட முடியாது. மூடாமல் சிக்னல் விழாது. பின்னால் நான்கு லோக்கல் வரிசையாக நிற்கும். "வண்டி லேட், வண்டி லேட்னு திட்டுறாங்களே, அதுல கொஞ்சம் அந்தக் கம்பிக்குக் கீழதான் இருக்கு" என்றார். விக்ரோளியில் போன மாதம்தான் மேம்பாலம் திறந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் அந்த ஜனங்கள்!

13 ஜூலை

சின்னத் திருத்தம், ஆனால் முக்கியம். முலுண்ட் சகோதரிக்குத் தனியாகப் பதில் எழுதும்போது உதவிக்கு 182 என்று சொல்லியிருந்தேன். பழைய எண். இப்போது எல்லாவற்றுக்கும் 139. மும்பையில் ரயில்வே போலீஸுக்கு 1512.

யாராவது விழுந்துவிட்டால் "திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் நடுவில்" என்று மட்டும் சொன்னால் தேடவே அரை மணி நேரம் ஆகும். தண்டவாளம் ஓரமாக நிற்கும் மின்கம்பங்களில் எண் எழுதியிருக்கும், கிலோமீட்டரும் கம்ப எண்ணும். கண்ணில் பட்ட எண்ணைச் சொல்லுங்கள், நேரே அங்கே வந்துவிடுவார்கள். அடிபட்ட முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். என் பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கம்ப எண் வாசித்துக்கொண்டே வருவார்கள்.

18 ஜூலை

வாசல் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஜூன் 9 மும்ப்ரா எல்லார் மனதிலும் இருக்கிறது. வளைவில் இரண்டு லோக்கல்கள் ஒன்றையொன்று கடந்தபோது படியில் தொங்கியவர்கள் விழுந்தார்கள். பையோ தோளோ உரசினாலே போதும். வளைவில் தண்டவாளத்தை ஒரு பக்கம் உயர்த்தித்தான் போட்டிருப்பார்கள், வண்டி தாழ்ந்த பக்கம் சாயும், தொங்குகிறவரும் கூடவே சாய்கிறார்.

தொங்க வேண்டாம் என்று சொல்வது எளிது. காலை 8.20-க்கு உள்ளே போக இடமே இல்லாதவரிடம் என்ன சொல்வது? 2017 டிசம்பர் 25-இல் வெஸ்டர்ன் லைனில் முதல் ஏசி லோக்கல் ஓடியது, கதவு மூடினால்தான் நகரும். எல்லா வண்டிக்கும் கதவு வரும்வரை என்னால் சொல்ல முடிந்தது இதுதான். முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். வாசல் நடுக்கம்பியைப் பிடித்தால் உள்பக்கம் நில்லுங்கள். தலையை வெளியே நீட்டாதீர்கள், கம்பம் கை எட்டும் தூரம். வாசலில் நின்று போனைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், கழியால் கையில் அடித்துப் போனைத் தட்டிவிடும் திருடர்கள் இருக்கிறார்கள், பட்கா என்பார்கள். அடி வாங்கியவர் போனோடு சேர்ந்து விழுந்த கதை நிறைய. அந்த வண்டியை விட்டால் நான்கு நிமிடத்தில் அடுத்தது.

போன் தண்டவாளத்தில் விழுந்தால் இறங்காதீர்கள். பிளாட்பாரத்தில் ரயில்வே போலீஸைக் கூப்பிடுங்கள்.

27 ஜூலை

ஆடி ஞாயிறு. தாராவிக்குப் போனோம், மாரியம்மன் கோயிலில் கூழ். அங்கே என் பள்ளித் தோழனின் அம்மாவைப் பார்த்தேன். அவன் பெயரை எழுத மாட்டேன். பத்தாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது மாட்டுங்கா பக்கம் தண்டவாளத்தில் அடிபட்டுப் போனான். அம்மா என் பெண்ணின் தலையைத் தடவிவிட்டு, கிளாஸுக்கு எந்த வழியா போற தாயி, பாலத்து மேலயா, என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்கிறாராம். பாலத்து மேலதான் பாட்டி என்றாள் இவள். நல்லா இரு என்றார். கூழை அங்கேயே குடிக்க முடியவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

3 ஆகஸ்ட்

இந்த இழையின் ஆரம்பத்தில் யாருக்கோ தனியாகப் பதில் எழுதும்போது, பாலம் ஏறாதவர்களைப் பற்றி "சோம்பேறித்தனம்" என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தேன். திரும்பப் பெறுகிறேன்.

நேற்று அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு, இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. எங்கள் ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் இருக்கிறது, ஓடவில்லை. லிஃப்ட் மறுகோடியில், வரிசை நீளம். படியிலேயே ஏறினோம். ஆறு படிக்கு ஒருமுறை நின்றார். மேலே போய்ச் சேர ஒன்பது நிமிடம். பின்னால் வந்தவர்கள் முதுகில் இடித்துக்கொண்டே போனார்கள். பாதியில் அம்மா கீழே தண்டவாளத்தைப் பார்த்து, "அந்தப் பக்கம் சமமா இருக்கேடா" என்றார். என் அம்மா! பிள்ளைகளைத் தண்டவாளப் பக்கமே விடாத அம்மா.

முழங்கால் வலிக்கிறவருக்கு, தலையில் கூடை வைத்திருப்பவருக்கு, வயிற்றில் பிள்ளை இருப்பவருக்கு நாற்பத்தைந்து படி பெரிய மலை. அவர்களிடம் விநாடிக்கு 25 மீட்டர் என்று கணக்குச் சொல்லி என்ன பயன்? சுவர் வேண்டும், சுவரோடு சேர்த்து ஓடுகிற எஸ்கலேட்டரும் வேண்டும். சுவர் மட்டும் கட்டினால் ஒரே வாரத்தில் ஓட்டை போடுவார்கள், அந்த ஓட்டையைத்தான் தம்பி பார்த்தார்.

வீடு வந்ததும் ரயில்வேயின் 'ரயில் மதத்' என்ற புகார்ச் செயலியில் எஸ்கலேட்டர் பற்றிப் புகார் பதிந்தேன், படத்தோடு. (பிறகு சேர்த்தது:) 5-ஆம் தேதி ஓடியது. 8-ஆம் தேதி மறுபடி நின்றது. மறுபடி பதிந்தேன்.

19 ஆகஸ்ட், இரவு

மழை. மெயின் லைனும் ஹார்பர் லைனும் தண்ணீரில் நின்றுவிட்டன. இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன், கால் இரண்டும் ஊறிப்போய் வெளுத்திருக்கின்றன. சுருக்கமாக எழுதுகிறேன், நாளை காலையிலேயே யாருக்காவது தேவைப்படலாம்.

நடுவழியில் வண்டி நின்றால் உடனே குதிக்காதீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். டப்பாவுக்கும் தரைக்கும் ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேலே கம்பியில் 25,000 வோல்ட், அறுந்து தொங்குவது எதுவானாலும் பக்கத்தில் போகாதீர்கள். ரயில்வே ஆட்கள் வந்து இறக்கினால் ஓரமாக, வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். தண்ணீருக்கு அடியில் தண்டவாளம் பிரியும் இடம் தெரியாது. அங்கே இரண்டு இரும்புக்கு நடுவில் கால் மாட்டும், அது தூரத்திலிருந்து இயக்கினாலே நகரும். குடையை மடக்குங்கள், முன்னால் என்ன வருகிறது என்று தெரிய வேண்டும்.

இன்று நான் ஒன்றரை மணி நேரம் டப்பாவிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த குஜராத்திப் பாட்டி எல்லாருக்கும் தேப்லா (வெந்தயக்கீரைச் சப்பாத்தி) கொடுத்தார்.

24 ஆகஸ்ட்

பட்டம் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லி தாராவி நண்பர் கேட்டார். பட்டம் விடும் ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும். ரயில் கம்பியில் பட்டம் மாட்டினால் இரும்புக் கம்பியோ ஈரக் கழியோ கொண்டு இழுக்கக் கூடாது. அந்த 25,000 வோல்ட் தொட்டால்தான் அடிக்கும் என்றில்லை, நெருங்கினாலே பாயும். நிற்கிற சரக்கு வண்டி மேல் ஏறிப் படம் எடுக்கிற பையன்களுக்கும் இதுதான். இருபது ரூபாய் பட்டம், போகட்டும்.

28 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி இரண்டு மாதத்துக்கு அப்புறம் எழுதியிருக்கிறார். காலையில் பத்து நிமிடம் முன்னால் எழுந்து பாலம் வழியாகவே போகிறாராம். சந்தோஷம். "ஆனால் அண்ணே, உண்மையைச் சொல்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வரும்போது ஓட்டை வழியாகத்தான். ரயில் குறைவு, கூட்டமும் இல்லை."

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இப்போது நான் சொல்வதையும் கேளுங்கள். பகலில் பத்துப் பேர் சேர்ந்து கடக்கும்போது யாராவது ஒருவர் கத்துவார். இரவில் நீங்கள் தனி. களைத்த கண். எதிரே வரும் விளக்கு ஒன்றுதான், அது எவ்வளவு தூரத்தில், எந்தத் தண்டவாளத்தில் என்று அந்த விளக்கை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மோட்டர்மேனுக்கு உங்கள் கறுப்புச் சட்டை தெரியாது, ஹாரன்கூட அடிக்க மாட்டார். தண்டவாளம் காலியாக இருக்கும் நேரத்தில் தொலைதூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் போகும்.

சித்தப்பாவைப் பிடிக்க ஒரு சுவர் இருந்தது. உங்கள் சுவரில் ஓட்டை இருக்கிறது, என்னால் அதை அடைக்க முடியாது. ஒன்று செய்யுங்கள். நாளை இரவு பாலத்தின் மேலே ஏறியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். நான் விழித்துத்தான் இருப்பேன்.

29 ஆகஸ்ட், இரவு 11.52

வந்துவிட்டது. "மேலே நிற்கிறேன் அண்ணே. எஸ்கலேட்டர் ஆஃப், படியில்தான் ஏறினேன்."

சரி தம்பி. ஸ்டேஷன் பெயரையும் எந்தப் பக்கத்து எஸ்கலேட்டர் என்பதையும் தனியாக அனுப்புங்கள். காலையில் அதற்கும் ஒரு புகார் பதிகிறேன்.